கடற்பருந்தின் ஓடுதளம்

ஆடி மாதத்தில் நம் சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் வெளிகளில் பட்டம் விட்டிருக்கிறீர்கள் அல்லவா? அப்போது ஓடவே வேண்டியதில்லை. நூலைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். வீசுகிற காற்றே பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காற்றே அசையாத சித்திரை மாலையில் என்ன செய்வீர்கள்? ஒருவன் பட்டத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவன் நூலோடு ஓடவேண்டும். மெதுவாக ஓடினால் பட்டம் எழும்பாது. தரையில் இழுபட்டுக் கிழியும். வேகமாக ஓடினால்தான் மேலே ஏறும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. பட்டத்துக்கு வேண்டியது அதன்மேல் வந்து மோதும் காற்று. காற்று வந்து பட்டத்தில் மோதினாலும் சரி, பட்டம் போய்க் காற்றில் மோதினாலும் சரி, விளைவு ஒன்றுதான். இதைத்தான் இயற்பியலில் சார்புத் திசைவேகம் என்கிறோம்.

1971ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், வங்கக் கடலில் ஒரு பெரிய கப்பல் அந்தச் சிறுவனைப் போலவே காற்றை எதிர்த்து ஓடவேண்டியிருந்தது. அதன் தளத்தில் போர் விமானங்கள் நின்றன. ஆனால் அந்தக் கப்பலால் முழு வேகத்தில் ஓட முடியவில்லை. அதன் கொதிகலன்களில் விரிசல்கள் இருந்தன. கப்பலின் பெயர் விக்ராந்த். அதிலிருந்து பறந்த விமானிகளின் பணி எத்தகையது, அவர்களுடைய துணிச்சலுக்குப் பின்னே எத்தனை கணக்குகள் இருந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கப்பலும் பருந்தும்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் கடற்படைக்காக ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரில் கட்டத் தொடங்கப்பட்ட கப்பல் இது. 1945இல் நீரில் இறக்கப்பட்டது. அதற்குள் போர் முடிந்துவிட்டதால் வேலை பாதியில் நின்றது. 1957இல் இந்தியா இதை வாங்கியது. அயர்லாந்துத் தீவிலுள்ள பெல்ஃபாஸ்ட் நகரில் வேலை நிறைவு பெற்று, 1961 மார்ச் 4ஆம் நாள் ‘விக்ராந்த்’ என்ற பெயருடன் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 213 மீட்டர். முழு வேகம் 25 நாட், அதாவது மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்.

இக்கப்பலுக்கென வாங்கப்பட்ட போர் விமானத்தின் பெயர் ‘சீ ஹாக்’. நம் மொழியில் சொன்னால் கடற்பருந்து. ஒரே ஒரு ஜெட் எஞ்சின். ஒரே ஒரு விமானி. கப்பலின் அடித்தளத்தில் இடம் அடைக்காமல் நிறுத்துவதற்காக அதன் இறக்கைகளை மடக்கி வைக்கலாம். மூக்கில் நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். இறக்கைகளின் கீழ் வெடிகுண்டுகள் அல்லது ராக்கெட்டுகள். இந்த விமானங்களுக்கெனக் கடற்படையின் 300ஆம் விமான அணி 1960இல் தொடங்கப்பட்டது. அதன் சின்னம் வெள்ளைப்புலி.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கடற்படையின் ‘ஹன்சா’ விமானத்தளம் 1961இல் கோயம்புத்தூரை அடுத்த சூலூரில்தான் தொடங்கப்பட்டது. 1964இல் அது கோவாவிலுள்ள டாபோலிமுக்கு மாற்றப்பட்டது.

1961 மே 18ஆம் நாள் விக்ராந்தின் தளத்தில் முதல் ஜெட் விமானம் இறங்கியது. அதை ஓட்டியவர் லெப்டினன்ட் ராதாகிருஷ்ண ஹரிராம் தஹிலியானி. பிற்காலத்தில், 1984 முதல் 1987 வரை, அவரே இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார்.

கொதிகலனில் விரிசல்

விக்ராந்த் நீராவியால் இயங்கிய கப்பல். நான்கு கொதிகலன்கள் நீராவியை உண்டாக்கும். அந்த நீராவி சுழலிகளைச் சுற்ற, சுழலிகள் கப்பலின் தள்ளிகளைச் சுற்றும்.

1970 ஜூன் மாதத்தில் கொதிகலன்களைச் சோதித்தபோது, அவற்றின் நீர்க்கலங்களில் விரிசல்கள் காணப்பட்டன. ஒரு கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது முறிந்துவிடும் அல்லவா? அதுபோல, பல ஆண்டுகள் மாறி மாறிச் சூடாகியும் ஆறியும், அழுத்தம் ஏறியும் இறங்கியும் வந்த உலோகம் களைத்துப்போய் விரிசல் விடுகிறது. இதற்கு ‘உலோகக் களைப்பு’ என்றே பெயர். அந்த விரிசல்களைப் பற்றவைத்துச் சரிசெய்ய இயலவில்லை. புதிய கலங்கள் பிரிட்டனிலிருந்து வரவேண்டும். அதுவரை கொதிகலன்களை மூட்டக் கூடாது என்று உத்தரவாயிற்று.

1965இல் நடந்த போரின்போதும் விக்ராந்த் பம்பாய்த் துறைமுகத்திலேயே இருந்துவிட்டது. இப்போது மீண்டும் போர் மூளும் நிலை. 1971 மார்ச் 25ஆம் நாள் இரவு கிழக்குப் பாகிஸ்தானில் இராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது. மக்கள் இலட்சக்கணக்கில் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் வரத் தொடங்கினார்கள். விக்ராந்தைக் கடலுக்கு அனுப்புவதா, வேண்டாமா? கொதிகலன் வெடித்தால் கப்பலில் உள்ளவர்களின் கதி என்ன?

கடற்படையின் பொறியியலாளர்கள் இரண்டு வழிகளிலுமே கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. ‘விரிசல் விட்டது விட்டதுதான், கப்பல் உதவாது’ என்று ஒதுக்கவும் இல்லை. ‘நடப்பது நடக்கட்டும்’ என்று முழு வேகத்தில் ஓட்டவும் இல்லை. நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 400 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். இது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் 28 கிலோகிராம் எடையை ஏற்றுவதற்குச் சமம். வீட்டிலுள்ள பிரஷர் குக்கரின் உள்ளே வெளிக்காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோகிராம்தான். அதைப் போல 28 மடங்கு! இயங்கிய மூன்று கொதிகலன்களைச் சுற்றி எஃகுப் பட்டைகளைக் கட்டினார்கள். எங்காவது நீராவி கசிகிறதா என்று பார்ப்பதற்குக் கண்ணாடிச் சாளரங்களையும் பொருத்தினார்கள். பிறகு படிப்படியாகக் கடலில் ஓட்டிச் சோதித்தார்கள். 1971 ஜூன் மாத இறுதியில், ‘கப்பல் போருக்குச் செல்லலாம், ஆனால் வேகம் 14 நாட் மட்டுமே’ என்று முடிவாயிற்று. 14 நாட் என்பது மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர்.

46 கிலோமீட்டர் 26 ஆகிவிட்டது. இந்த 20 கிலோமீட்டர் குறைவு ஒரு சரக்குக் கப்பலுக்குப் பெரிய இழப்பு அன்று; போய்ச் சேரச் சற்று நேரம் கூடும், அவ்வளவுதான். ஆனால் விமானந்தாங்கிக் கப்பலுக்கு?

20 கிலோமீட்டரின் விலை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குண்டுகளையும் எரிபொருளையும் சுமந்த ஒரு விமானம் எழும்புவதற்கு, காற்றைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் இருக்கவேண்டும் என்று கொள்வோம்.

முதல் நாள்: கப்பல் 46 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை எதிர்த்துச் செல்கிறது. இயற்கைக் காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வீசுகிறது. ஆகவே விமானம் தளத்தில் சும்மா நிற்கும்போதே அதன்மேல் 66 கிலோமீட்டர் வேகக் காற்று மோதுகிறது. மீதி 134 கிலோமீட்டரை மட்டும் அது பெற்றால் போதும்.

இரண்டாம் நாள்: கப்பலின் வேகம் 26; இயற்கைக் காற்று இல்லை. இப்போது விமானம் 174 கிலோமீட்டரைப் பெறவேண்டும்.

வேறுபாடு 40 கிலோமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்று படித்திருக்கிறீர்கள். 174ஐயும் 134ஐயும் தனித்தனியே இருபடியாக்கி வகுத்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ 1.7. அதாவது, முதல் நாளைப் போல 1.7 மடங்கு ஆற்றலை இரண்டாம் நாள் விமானத்துக்குக் கொடுக்கவேண்டும்!

அந்த ஆற்றலைத் தருவது எது? விமானத்தின் எஞ்சினா? சீ ஹாக்கின் எஞ்சின் தந்த உந்துவிசை சுமார் 23,000 நியூட்டன். 7,000 கிலோகிராம் நிறையுள்ள விமானத்துக்கு அது தரும் முடுக்கம் சுமார் 3.3 மீட்டர்/விநாடி². 45 மீட்டர் தூரம் ஓடினால் அதன் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத்தான் எட்டும். தரையிலே ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடுதளம் இருக்கிறது. ஓடி ஓடி வேகம் பெறலாம். கப்பலில் அதற்கு இடம் ஏது? ஆகவே கவண் தேவைப்படுகிறது.

இரண்டே விநாடி

குருவி அடிக்கும் கவண் உங்களுக்குத் தெரியும். கப்பலில் உள்ளது நீராவிக் கவண். தளத்துக்கு அடியில் நீண்ட உருளைகள், அவற்றில் உந்துதண்டுகள். கொதிகலனிலிருந்து வரும் நீராவியைத் தனியே ஒரு கலத்தில் சேமித்து வைத்து, ஒரே நேரத்தில் உருளைகளுக்குள் திறந்துவிடுவார்கள். உந்துதண்டு பாய்ந்து செல்லும். அதனுடன் கம்பிவடத்தால் இணைக்கப்பட்ட விமானமும் பாயும். 1950இல் பிரிட்டனில் ஒரு கப்பலில் வைத்து இது சோதிக்கப்பட்டது. 

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? கவணுக்கு நீராவி தருவதும் அதே கொதிகலன்கள்தாம். கப்பல் மெதுவாகச் செல்வதால் கவண் அதிகம் உழைக்கவேண்டும். கவணுக்கு உணவளிக்கும் கொதிகலன்களோ நோயாளிகள். ஒரே விரிசல் இரண்டு பக்கமும் கடித்தது.

மேலே கண்ட 174 கிலோமீட்டர் வேகத்தை 45 மீட்டர் தூரத்தில் பெறவேண்டுமானால் முடுக்கம் என்ன? மணிக்கு 174 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 48.3 மீட்டர். v² = 2as என்ற சமன்பாட்டில் இட்டுப் பார்த்தால், முடுக்கம் சுமார் 26 மீட்டர்/விநாடி² என வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 2.6 மடங்கு. ஆகும் நேரம் இரண்டு விநாடிக்கும் குறைவு. 70 கிலோகிராம் எடையுள்ள விமானியை, அவருடைய நெஞ்சின்மேல் 180 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையை வைத்ததுபோல, இருக்கையின் முதுகோடு அழுத்தும். அந்த இரண்டு விநாடி முடியும்போது கப்பலின் விளிம்பு தாண்டிவிடும். கீழே கடல். வேகம் போதாவிட்டால் மறுபடி முயல வாய்ப்பில்லை.

நம் ஊர் ராக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்களேன். அதை ஏன் பாட்டிலில் நிறுத்திப் பற்றவைக்கிறோம்? பின்னால் நீண்டிருக்கும் குச்சி அதை நேராகப் போகச் செய்யும். ஆனால் வேகம் பிறந்து, குச்சியின்மேல் காற்று ஓடினால்தான் குச்சிக்கு அந்த வலிமை வரும். மருந்து சரியாகப் பிடிக்காமல் பாட்டிலை விட்டு மெதுவாகக் கிளம்பும் ராக்கெட் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்விடுகிறது. விமானத்தின் வாலும் இறக்கை மடல்களும் அப்படியே. அவற்றின்மேல் காற்று ஓடாவிட்டால் விமானியின் கைத்திறமை எதற்கும் உதவாது.

வேகம் போதாதென்றால் வேறு வழி உண்டா? உண்டு, சுமையைக் குறைக்கலாம். தூக்குவிசையும் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது. 7,000 கிலோகிராம் விமானத்தில் 700 கிலோகிராமைக் குறைத்தால், எழும்புவதற்கு வேண்டிய வேகம் 200இலிருந்து 190 ஆகும். பத்தே கிலோமீட்டருக்காக 700 கிலோகிராம்! அந்த 700ஐக் குண்டுகளில் குறைத்தால் போகிற வேலை கெடும். எரிபொருளில் குறைத்தால் திரும்பும் வழி கெடும். கடல் விமானியின் ஒவ்வொரு பயணமும் இந்தத் தராசில் நிறுத்துப் பார்க்கப்பட்ட பிறகே தொடங்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. விமானங்களை ஏவும்போது கப்பல் காற்றுக்கு எதிராக நேர்கோட்டில் ஓடவேண்டும். நேர்கோட்டில் மெதுவாகச் செல்லும் பெரிய கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இலக்கு அல்லவா?

டிசம்பர் 4

அப்படி ஒரு நீர்மூழ்கி விக்ராந்தைத் தேடி வரவும் செய்தது. அதன் பெயர் ‘காஜி’. அப்போது கிழக்குக் கடற்படைத் தலைமையைத் தாங்கியிருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். பம்பாயிலிருந்து சென்னைக்கும், பிறகு விசாகப்பட்டினத்துக்கும் வந்த விக்ராந்தை அவர் சத்தமில்லாமல் அந்தமான் தீவுகளுக்கு அனுப்பிவிட்டு, அது இன்னும் விசாகப்பட்டினத்துப் பக்கமே இருப்பதுபோல எதிரி நம்புமாறு செய்தார். டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது. அதிலிருந்த அனைவரும் மாண்டனர்.

அன்று மாலையில்தான் இந்தியாவின் மேற்குப் பகுதி விமானத்தளங்களைப் பாகிஸ்தான் விமானங்கள் தாக்கின; போர் தொடங்கிவிட்டது. மறுநாள், டிசம்பர் 4, விக்ராந்தின் கவண் முழங்கியது. காக்ஸ் பஜார் கடற்கரையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தபடி எட்டு சீ ஹாக் விமானங்களை அது ஏவியது. அன்று மாலையே சிட்டகாங் துறைமுகமும் தாக்கப்பட்டது. பின்னர் குல்னா, மங்ளா ஆகிய துறைமுகங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. கடல் வழியாக உதவி வரவும், கடல் வழியாகத் தப்பிச் செல்லவும் இயலாதபடி கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகங்களை அடைப்பதே நோக்கம். டிசம்பர் 10 வரை இந்தத் தாக்குதல்கள் தொடர்ந்தன. டிசம்பர் 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படைகள் சரணடைந்தன, வங்காளதேசம் பிறந்தது.

இந்த 300ஆம் அணிக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா. பதினோரு தாக்குதல்களில் அவரே முன்னின்று அணியை நடத்திச் சென்றார். துறைமுகங்களைச் சுற்றி விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்தன. ஒருமுறை அவருடைய விமானமே குண்டடி பட்டது. அவர் அதைக் கடலைக் கடந்து கொண்டுவந்து, விக்ராந்தின் தளத்தில் பத்திரமாக இறக்கினார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்தபடியாக, போர்க்களத்து வீரத்துக்கு நம் நாடு அளிக்கும் விருது அது. பிற்காலத்தில் அவர் ரியர் அட்மிரல் ஆனார். விக்ராந்தின் தலைவரான கேப்டன் சுவராஜ் பிரகாஷுக்கும் அதே விருது கிடைத்தது.

‘குண்டடி பட்ட விமானத்தைக் கப்பலில் இறக்கினார்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டோம். அந்த ஒரு வரியில் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று இனிப் பார்ப்போம்.

கப்பலைக் கண்டுபிடிப்பது எப்படி?

தரையில் பறக்கும் விமானி ஆற்றையும் இரயில் பாதையையும் பார்த்து வழி அறியலாம். கடலில் எல்லாப் பக்கமும் நீர். சீ ஹாக்கில் ராடார் கிடையாது. வழி சொல்லத் துணைக்கு ஆளும் கிடையாது. விமானியிடம் இருந்தவை ஒரு திசைகாட்டி, ஒரு வேகமானி, ஒரு கைக்கடிகாரம், முழங்காலில் கட்டிய ஒரு வரைபடம். எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை நிமிடம் பறந்தோம் என்று கணக்கிட்டுத் தன் இடத்தை அவரே குறித்துக்கொள்ளவேண்டும்.

திசையில் இரண்டே பாகை பிழை நேர்ந்தால், 110 கிலோமீட்டர் முடிவில் அவர் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் விலகிப் போயிருப்பார். அதோடு, கிளம்பிய இடத்தில் கப்பல் நிற்காது. மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். இருபது கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் 213 மீட்டர் நீளக் கப்பல் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? கையை நீட்டிப் பிடித்த ஒரு நெல்மணி அளவு! அந்த நெல்மணியைத் தவறவிட்டால் எரிபொருள் தீரும்வரை தேடலாம்; அதற்கு மேல் இல்லை.

கண்ணாடி காட்டும் வழி

கப்பல் தெரிந்துவிட்டது. இனி இறங்கவேண்டும். தளம் முன்னோக்கி ஓடுகிறது. அலையில் மேலும் கீழும் ஆடுகிறது. அதன் பின்பகுதியில் குறுக்கே சில எஃகு வடங்கள் கட்டப்பட்டிருக்கும். விமானத்தின் வாலுக்கு அடியில் தொங்கும் கொக்கி அவற்றில் ஒன்றைப் பற்றவேண்டும்.

சற்றே தாழ்ந்து வந்தால் கப்பலின் பின்புறத்தில் மோதல். சற்றே உயர்ந்து வந்தால் வடங்கள் தப்பிவிடும். சரியான சரிவில் வருகிறோமா என்று விமானி எப்படி அறிவது? இதற்கு நிக்கோலஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒரு வழி கண்டார். ஒரு பெண்மணியின் கைக்கண்ணாடியையும் உதட்டுச் சாயக் குப்பியையும் மேசைமேல் வைத்தே அவர் தம் கருத்தை விளக்கிக் காட்டினார் என்று சொல்வார்கள்.

தளத்தின் ஓரத்தில் ஒரு பெரிய குழியாடி. அதன்மேல் ஒரு விளக்கின் ஒளி விழும். ஆடியின் இருபுறமும் பச்சை விளக்குகள் ஒரே வரிசையில் எரியும். விமானி ஆடியில் தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே வருவார். புள்ளி பச்சை வரிசைக்கு நேராக இருந்தால் சரிவு சரி. மேலே ஏறினால் அவர் அதிக உயரத்தில் வருகிறார். கீழே இறங்கினால் தாழ்ந்து வருகிறார். கப்பல் ஆடினாலும் ஆடி ஆடாதபடி, சுழலும் பம்பரத்தின் தத்துவத்தில் அமைந்த கருவி ஒன்று அதை நிலையாக வைத்திருக்கும். பள்ளியில் நீங்கள் படிக்கும் ஒளி எதிரொளிப்பு ஒரு விமானியின் உயிரைக் காக்கிறது!

சக்கரம் தளத்தைத் தொட்டதும் விமானி என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? எஞ்சினை நிறுத்துவாரா? இல்லை, முழு விசையையும் கொடுப்பார்! கொக்கி வடத்தைப் பற்றாவிட்டால் உடனே மறுபடி எழும்ப வேண்டும் அல்லவா? இதற்காகவே இறங்கும் பாதையைக் கப்பலின் நடுக்கோட்டுக்குச் சில பாகை சாய்வாக அமைத்தார்கள். முன்னே நிறுத்தியிருக்கும் விமானங்களில் மோதாமல் பக்கவாட்டில் எழும்பிச் செல்லலாம். பிரிட்டிஷ் கேப்டன் டென்னிஸ் கேம்பெல் 1951இல் கூறிய யோசனை இது.

கொக்கி வடத்தைப் பற்றிவிட்டால், ஏவும்போது நடந்தது அப்படியே தலைகீழாக நடக்கும். இரண்டே விநாடியில் விமானம் நிற்கும். விமானி இருக்கையில் அழுந்துவதற்குப் பதிலாக முன்னோக்கிப் பாய்வார். தோள்வார்கள் அவரைப் பிடித்து நிறுத்தும். இங்கும் கப்பலின் வேகம் விமானத்தின் வேகத்திலிருந்து கழிகிறது. கப்பல் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு மென்மையாக விமானம் இறங்கும். விக்ராந்தோ மெதுவாக ஓடியது. ஆகவே திரும்பி வந்த ஒவ்வொரு சீ ஹாக்கும் வடத்தை வழக்கத்தைவிட வலுவாக இழுத்தது.

இத்தனையையும் ஒழுங்கான விமானத்தில் செய்வதே கடினம். குண்டடி பட்ட விமானத்தில், எது உடைந்திருக்கிறது, எது எந்த நொடியில் விட்டுப்போகும் என்று தெரியாமல் குப்தா செய்தார்.

திரும்பியோரும் திரும்பாதோரும்

அந்தப் போரில் ஒரு சீ ஹாக் விமானம்கூட வீழ்த்தப்படவில்லை. இவ்வளவுக்கும் அது பழைய விமானம். அதன் முன்மாதிரி முதன்முதல் பறந்தது 1947இல். பிரிட்டிஷ் கடற்படை 1960ஆம் ஆண்டையொட்டியே அதை முன்னணிப் பணியிலிருந்து விலக்கிவிட்டது. நம்மிடம் இருந்தவற்றில் சில, மேற்கு ஜெர்மனி பயன்படுத்திய பிறகு வாங்கப்பட்டவை. பழைய விமானம், விரிசல் விட்ட கொதிகலன். இவற்றைக் கொண்டே அந்தப் பணி முடிந்தது.

ஆனால் எல்லோரும் திரும்பிவிடவில்லை. நீர்மூழ்கிகளைத் தேடும் ‘அலிஸே’ என்ற மூன்று பேர் விமானமும் கடற்படையிடம் இருந்தது. டிசம்பர் 10ஆம் நாள் மேற்குக் கடலில் லெப்டினன்ட் கமாண்டர் அசோக் ராய் ஓட்டிச் சென்ற அலிஸே, பாகிஸ்தானின் வேகமான ஜெட் விமானத்தால் வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த மூவரும் திரும்பவில்லை. குண்டு விழுந்த துறைமுகங்களில் இருந்தவர்களும் மனிதர்களே. காஜியில் மாண்டவர்களுக்கும் வீட்டில் காத்திருந்தோர் உண்டு. போரைப் பற்றிப் படிக்கும்போது இவற்றையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

வரம்பு என்பது கோழைத்தனமா?

விக்ராந்தின் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது அந்த 14 நாட் வரம்பு. விரிசல் இருப்பது தெரிந்தது. அதை மறைக்கவில்லை, அளந்தார்கள். அளந்து, இதுவரை செல்லலாம், இதற்கு மேல் கூடாது என்று கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் நின்று என்னென்ன செய்யலாம் என்று கணக்கிட்டார்கள். விமானி துணிந்து கவணில் அமர்ந்தார் என்றால், தளத்துக்கு அடியில் ஒருவர் அழுத்தமானியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார் என்பதும், சுமையைச் சரியாக எழுதிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார் என்பதும் அதற்குக் காரணம். அவர்களில் ஒருவர் எண்ணைத் தவறாகச் சொல்லியிருந்தால், விமானியின் வீரம் கடலில்தான் விழுந்திருக்கும்.

நம் பகுதி மாணவர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, இரும்புக் கருவி கூடாது என்று வரம்புகள் உண்டு. ‘இன்று ஒருநாள் மட்டும்’ என்று அந்த வரம்பைத் தாண்டிய நாட்களில் என்ன நடந்தது என்பதை நம் ஊர்கள் பலமுறை கண்டு அழுதிருக்கின்றன. ஆபத்தான தொழிலைச் செய்கிறவர்களுக்கு வரம்பு என்பது தடையன்று. அவர்கள் மாலையில் வீடு திரும்பும் வழி அது.

அந்த விக்ராந்த் 1997இல் ஓய்வு பெற்றது. சில காலம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, 2014இல் உடைக்கப்பட்டது. சீ ஹாக் விமானங்களுக்குப் பதிலாக 1983இல் ‘சீ ஹாரியர்’ வந்தது. இந்தியாவிலேயே, கொச்சியில் கட்டப்பட்ட புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தது. அதில் நீராவிக் கவண் இல்லை. முன்முனை மேல்நோக்கி வளைந்த சரிவுத்தளம் இருக்கிறது. விமானம் அதில் ஓடி, எறிந்த பந்தைப் போல மேல்நோக்கிக் கிளம்பி, வேகம் பெறுவதற்கு வேண்டிய சில விநாடிகளைக் காற்றிலேயே சம்பாதித்துக்கொள்கிறது. ஆனாலும் விமானங்களை ஏவும்போது இந்த விக்ராந்தும் காற்றை எதிர்த்தே ஓடுகிறது, பட்டம் விடும் சிறுவனைப் போல!

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு கப்பல் வடக்கு நோக்கி மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதிலிருந்து கிளம்பிய விமானம் நேர் கிழக்கே 110 கிலோமீட்டரில் உள்ள இலக்கை அடைந்து தன் வேலையை முடிக்கிறது. கிளம்பியதிலிருந்து அதுவரை 30 நிமிடம் ஆகிவிட்டது. இப்போது மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. காற்று இல்லை. விமானி எந்தத் திசையில் பறந்தால் கப்பலை நேராக அடைவார்? வரைபடத் தாளில் 1 சென்டிமீட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று கொண்டு வரைந்து, பாகைமானியால் அளந்து பாருங்கள். மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாகச் சுமார் 9 பாகை என்று விடை வந்தால் உங்கள் கணக்கு சரி. அந்த 9 பாகையை மறந்து நேர் மேற்கே பறந்தவருக்கும் கப்பலுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் கடல் இருக்கும் என்பதையும் அந்தப் படத்திலேயே அளந்துவிடுங்கள்.